தரைக்கு ஒரு சாண் மேலே

உடுமலைப்பேட்டையில் வசுமதியிடம் பேசிவிட்டு வந்தவர்கள் தரையில் கால் படாமல் நடக்க ஆரம்பித்த வருஷத்தில், ஊருக்கு அதைவிடப் பெரிய அதிசயமாகத் தெரிந்தது வேறொன்று. ஒருத்தி ஊர்க்கதை அத்தனையையும் காதில் வாங்கிக்கொள்கிறாள், ஆனால் ஒன்றைக்கூட வெளியே சொல்லமாட்டேன் என்கிறாள். மிதப்பதையாவது கண்ணால் பார்த்து நம்பிவிடலாம், இதை எப்படி நம்புவது என்றார்கள்.

வசுமதி திருச்சிக்காரி. கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் பல வருஷம் ஆலோசகராக இருந்தவள். அங்கே ஒருவர் அழ வாயெடுக்கும்போதே அடுத்தவர் டோக்கனோடு கதவைத் திறந்துவிடுவார். பாதி அழுகையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்துபோன முகங்கள் அவள் சாப்பிட உட்காரும்போதும் குளிக்கும்போதும் பஸ்ஸில் கண்ணயரும்போதும் வந்து வந்து நிற்க, யாரும் பாதியில் கதவைத் திறக்காத ஓர் அறை தனக்கென்று வேண்டும் என்று முடிவுசெய்து வேலையை விட்டாள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து, காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, மொட்டைமாடித் துணிகளை உருவிக்கொண்டு போகும் உடுமலைக் காற்று அவளுக்குப் பிடித்திருந்தது. தளி ரோட்டில் மாகாளியப்பனின் மாட்டுத்தீவனக் கடைக்கு மேல்மாடியை வாடகைக்குப் பிடித்தாள். படியேறும்போதே பருத்திக்கொட்டையும் கடலைப்புண்ணாக்கும் மணக்கும் இடம் அது.

முதல் வேலையாக ஒரு போர்டு எழுதிப் படிக்கட்டு முகப்பில் மாட்டினாள். முன்கூட்டியே நேரம் சொல்லிவிட்டு வரவேண்டும், வரமுடியாவிட்டால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும், பேச்சு ஐம்பது நிமிஷம், அறைக்குள் ஒருவர் மட்டும், தேங்காய் பழம் துணிமணி எதுவும் கொண்டுவரக் கூடாது, தெருவில் பார்த்தால் நானாக வந்து பேசமாட்டேன், இங்கே பேசுவது இங்கேயே இருக்கும் என்று எழுதியிருந்ததை, மாகாளியப்பன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.

"உள்ள ஒருத்தருதானுங்களா? எங்கூர்ல பல்லுப் புடுங்கப் போனாலே நாலு பேரு போவமுங்க."

"துணைக்கு வரட்டும்ண்ணா. கீழ உங்க கடையில உக்காந்திருக்கட்டும்."

"தெருவுல பாத்தாப் பேசமாட்டீங்கன்னா, திமிருன்னு சொல்லிப்போடுவாங்க அம்மிணி."

"சொல்லட்டும். நான் பாத்துச் சிரிச்சா, இவளுக்கு உன்னை எப்படித் தெரியும்னு பக்கத்துல நிக்கிறவங்க அவங்களைக் கேப்பாங்க இல்லையா?"

மாகாளியப்பன் "அதும் சரிதானுங்க" என்று போர்டின் ஒரு ஓரத்தை நிமிர்த்திவிட்டுப் போனார்.

முதலில் மிதந்தவர் தேங்காய் வியாபாரி சென்னியப்பன். வரப்புத் தகராறில் தம்பியோடு பேச்சை நிறுத்தி, பேசாமலே தம்பி செத்துப்போய், சாவு வீட்டிலும் கண்ணில் சொட்டுத் தண்ணீர் வராமல் தூண்போல் நின்றவர். அன்றுமுதல் தூக்கம் போய்விட்டது. சில வாரம் வசுமதியிடம் தேங்காய் விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர், ஒரு செவ்வாய்க்கிழமை தம்பி சின்ன வயசில் தன் தோளில் உட்கார்ந்து திருவிழா பார்த்ததைச் சொல்லும்போது உடைந்து அழுதார். ஐம்பதாவது நிமிஷம் முகத்தைத் துடைத்து, கும்பிட்டு, வெளியே போனவர், வாசலில் நின்று குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, செருப்பு கீழ போயிருச்சுங்களே?"

வசுமதி எட்டிப் பார்த்தாள். செருப்பு அதே இடத்தில்தான் இருந்தது. சென்னியப்பனின் பாதம்தான் தரைக்கு ஒரு சாண் மேலே, தண்ணீரில் கால் விட்டவர்போல லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"செருப்பைக் கையில எடுத்துக்குங்க. படியில கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டே எறங்குங்க" என்றாள். அவரும் அப்படியே செய்தார். அன்று வீட்டுக்குப் போய், விட்டுப்போன தூக்கத்தையெல்லாம் சேர்த்துத் தூங்கினார்.

அவருக்குப் பின் ஒவ்வொருவராக மிதந்தார்கள். எல்லோரும் அல்ல, முதல்முறை வந்ததும் அல்ல. சொல்லாமல் அடைகாத்த ஒன்றைச் சொல்லி முடிக்கிற அன்று கால் தூக்கிக்கொண்டது. சிலர் ஒரு காபி குடிப்பதற்குள் இறங்கினார்கள், சிலர் மறுநாள் பல் விளக்கும்வரை இறங்கவில்லை. ஊர் முதலில் வேடிக்கை பார்த்தது, பிறகு நடைமுறைச் சிக்கல்களைப் பேசித் தீர்க்கத் தொடங்கியது. டவுன் பஸ் கண்டக்டர் மிதக்கிறவர்களைப் படிக்கட்டுப் பக்கம் நிற்கவிடாமல் நடுவில் கம்பியைப் பிடிக்கவைத்தார். கோயிலில் கால் படாமல் சுற்றினால் பிரதட்சிணக் கணக்கில் சேருமா என்று கேட்டபோது, குருக்கள் நெடுநேரம் யோசித்து, அம்பாள் காலைப் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்க்கிறாள் என்று தீர்த்துவைத்தார். தையல்காரர்கள் கேட்காமலே பாவாடையை ஒரு சாண் நீளமாகத் தைத்தார்கள். ஆனி பிறந்து காற்று ஏறியதும்தான் சிரமமாகிவிட்டது. மேற்கே வீடு உள்ளவர்கள் கிழக்கே தாராபுரம் ரோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போகப்பட்டார்கள். அதற்கும் மாகாளியப்பன் வழி கண்டுபிடித்தார். படியிறங்கி வருகிறவர் கையில் ஒரு பை புண்ணாக்கைக் கொடுத்து, "பாரத்துக்கு வெச்சுக்குங்க, நாளைக்குத் திருப்பிக் குடுத்தாப் போதும்" என்றார்.

ஆனால் மிதப்பது கண்ணுக்குத் தெரிகிற காரியம். மருமகள் மிதந்து வந்தால், என்னத்தைச் சொல்லிவிட்டு வந்தாள் என்று மாமியாருக்குச் சோறு இறங்கவில்லை. கணவன் மிதந்தால் மனைவி படிக்கட்டில் வந்து நின்றாள். கல்லூரிக்குப் போகும் பெண்ணின் தாய் ஒருத்தி நேரே அறைக்குள் வந்தாள்.

"பெத்தவளுக்குத் தெரியக்கூடாதுங்களா?"

"யாரோட உயிருக்காவது ஆபத்துன்னா, சொல்லவேண்டியவங்ககிட்ட உடனே சொல்லிடுவேங்க. இங்க வர்ற எல்லார்கிட்டயும் முதல் நாளே அதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன். மத்தபடி யார் வர்றாங்க, யார் வரலைன்னுகூட நான் சொல்லமாட்டேன்."

"எம்புள்ள காத்துல மிதந்துக்கிட்டு வாராளே, இதுக்கு மேல என்ன மறைப்பு?"

"அப்ப அவகிட்டயே கேளுங்க. கேட்டுட்டு, அவ சொல்ற வரைக்கும் பேசாம இருங்க."

அந்தத் தாய் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். அடுத்த மாதம் போன் செய்து, மகளுக்குத் தெரியாமல் தனக்கென்று ஒரு நேரம் வாங்கிக்கொண்டாள். இப்படி ஒருவர் இருவராக, கோபப்பட்டவர்கள் திரும்பி வந்தார்கள். யாரிடமும் சொல்லமாட்டாள் என்று சபித்துவிட்டுப் போனவர்களுக்கு, அதே காரணத்துக்காக அவளைத் தேடி வரவேண்டியிருந்தது.

செல்வநாயகி வந்தது அந்தச் சமயத்தில்தான். ஊருக்கு மேற்கே தென்னைநார் மில் வைத்திருக்கும் ராக்கியண்ணனின் மருமகள் அவள். ராக்கியண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் கடைத்தெருவில் அதற்கு மறுவார்த்தை கிடையாது. தையல் வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருவாள். மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் எந்நாளும் முடியாத ஒரு ரவிக்கை. முதல் சில வாரம் அவள் பேசியதெல்லாம் தலைவலி, பசியின்மை, கைநடுக்கம். பிறகு ஒருநாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, தனக்கு ஒரு பெண்குழந்தை பிறந்து இரண்டு நாள் இருந்தது என்றாள்.

"எங்க மாமா சொல்லிட்டாருங்க, இனி அதைப் பத்தி இந்த ஊட்டுல யாரும் வாயைத் தொறக்கக்கூடாதுன்னு. தொட்டில் கட்டுன கயித்தைக்கூட அவுத்து எரிச்சுப்போட்டாங்க. எங்க ஊட்டுக்காரரு குனிஞ்ச தல நிமிராமச் சாப்புட்டுட்டுப் போயிருவாரு. எங்க அத்தைதான் அதைக் கடைசியாக் குளிப்பாட்டுனாங்க. அன்னையிலிருந்து நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறதில்லைங்க."

அவ்வளவுதான் சொன்னாள். குழந்தைக்குப் பேர் வைத்தீர்களா என்று வசுமதி கேட்க நினைத்தாள். அதற்குள் சுவர்க்கடிகாரம் ஐம்பதாவது நிமிஷத்தைத் தொட்டது. கால் தரையில் அழுந்த, செல்வநாயகி எழுந்து போனாள்.

தையல் வகுப்பில் அவள் பெயரே இல்லை என்று எப்படியோ தெரிந்துகொண்ட ராக்கியண்ணன், ஆடி பிறந்த வாரம் வசுமதியைப் பார்க்க வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, உட்காரச் சொல்லியும் உட்காராத உடம்பு.

"எங்க ஊட்டுப் புள்ள இங்க வருதா?"

"யார் வர்றாங்கன்னு நான் சொல்றதில்லைங்க."

"என்ன பேசுச்சு?"

"மன்னிச்சுக்குங்க."

ராக்கியண்ணன் கோபப்படவில்லை. சிரித்தார். "நீ சொல்லவேண்டாம் தாயி. உன்ற எடத்துக்கு வந்துபோனா காலு சொல்லீருமே" என்றார். கீழே இறங்கி மாகாளியப்பனிடம் இந்த மாடியைக் காலிசெய்யச் சொல் என்றார். அவருடைய மாட்டுப்பண்ணைதான் அந்தக் கடைக்குப் பெரிய வாடிக்கை. மாகாளியப்பன் கையிலிருந்த தராசுக்கல்லை இந்தத் தட்டிலிருந்து அந்தத் தட்டுக்கு மாற்றி, திரும்ப இந்தத் தட்டுக்கே மாற்றி, "தை வரைக்கும் வாடகை பேசி வெச்சுட்டனுங்க" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து மில் ஆள் ஒருவன் எதிர்ப்புற டீக்கடையில் உட்கார்ந்து, படியிறங்கி வருகிற ஒவ்வொருவரின் பாதத்தையும் பார்க்க ஆரம்பித்தான்.

வசுமதிக்கு இதுவரை இல்லாத பயம் வந்தது. போர்டில் தான் எழுதிய வாக்கை, தன் வாய் காத்தாலும் வந்தவர்களின் பாதம் காக்காது என்றால் அந்த வாக்குக்கு என்ன அர்த்தம்? மிதப்பவர்கள் இறங்கும்வரை இருக்கட்டும் என்று பின்னறையைச் சுத்தம்செய்து பாய் விரித்தாள். தீவனக் குடோன் வழியாகப் பின்பக்கம் இறங்கும் படியின் பூட்டை மாற்றினாள். அப்படியும் மனம் அடங்கவில்லை. செல்வநாயகி வரும் நாட்களில், தனக்கே தெரியாமல், பேச்சை வேறுபக்கம் திருப்ப ஆரம்பித்தாள். குழந்தை என்ற வார்த்தை பக்கத்தில் வரும்போதெல்லாம் தூக்கம் எப்படி என்றாள், மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள் என்றாள், கண்ணில் நீர் கட்டினால் தண்ணீர் டம்ளரை நீட்டினாள். ஆஸ்பத்திரியில் கதவைத் திறந்து டோக்கனை நீட்டிய அந்தக் கையாகத் தான் மாறிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியவில்லை.

செல்வநாயகிக்குத் தெரிந்தது. ஆடி நடுவில், காற்று ஜன்னல் கொக்கிகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நீட்டிய டம்ளரை வாங்காமல் சொன்னாள்.

"அங்கயும் அழுகக்கூடாதுங்கறாங்க. நீங்களும் என்னையத் தரையிலயே புடிச்சு வெக்கறீங்க."

வசுமதி டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, "ஆமா" என்றாள். "கீழ ஆள் உக்காந்திருக்கான். உங்க வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு பயந்துட்டேன். தப்புதான்."

"பயம் எனக்குத்தானுங்களே இருக்கோணும்? நானே பயமில்லாம வந்து உக்காந்திருக்கறேன்."

"சரி. இனிமே குறுக்க வரமாட்டேன்." வசுமதி நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள். "குழந்தைக்குப் பேர் வெச்சீங்களா?"

செல்வநாயகி வாயைத் திறந்தாள், மூடினாள், துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அல்லி" என்றாள். சொன்ன சத்தம் அவளுக்கே புதிதாக இருந்ததுபோல, இன்னொருமுறை, "அல்லிங்க" என்றாள். அதற்குப் பிறகு அடக்க எதுவும் இருக்கவில்லை. குழந்தைக்கு இடது காது மடலில் ஒரு மச்சம் இருந்ததையும், விரலைக் கொடுத்தால் விடாமல் பிடித்துக்கொண்டதையும், பால் குடிக்கத் தெரியாமல் தேடித் தேடி அலுத்துத் தூங்கியதையும், தன்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்ப வெறுங்கையோடு வந்ததையும், மூன்று வருஷமாகத் தொண்டையில் கட்டிக்கிடந்த எல்லாவற்றையும் அவள் சொல்லச் சொல்ல, நாற்காலி காலியானது. சென்னியப்பன்போல ஒரு சாண் அல்ல. தோள் உயரம், தலை உயரம் என்று அவள் ஏறிக்கொண்டே போக, வசுமதி பாய்ந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள். முதுகு கூரையில் முட்டியபோதுதான் செல்வநாயகி அழுகையை நிறுத்திவிட்டு, கீழே பார்த்து, பல வருஷம் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள்.

ஐம்பது நிமிஷம் முடிந்தது. அவள் இறங்கவில்லை. அடுத்தவர் வந்து படியில் காத்திருந்தார், அப்போதும் இறங்கவில்லை. எதிர் டீக்கடை ஆளுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்து அவன் போன் செய்ய, ராக்கியண்ணனின் கார் தளி ரோட்டில் வந்து நின்றது. பின்சீட்டில் அவர் மனைவி தங்கமாயாள் உட்கார்ந்திருந்தாள்.

"பின்பக்கம் குடோன் வழியா ஒரு படி இருக்கு" என்றாள் வசுமதி. "சாயங்காலம்வரைக்கும் பின்னறையிலயும் இருக்கலாம். யார் கேட்டாலும் நான் வாயைத் தொறக்கமாட்டேன்."

"நீங்க தொறக்கவேண்டாமுங்க." செல்வநாயகி கூரையைக் கையால் தள்ளி, மிதந்தபடியே கதவுப் பக்கம் நகர்ந்தாள். "நான் சொல்லக்கூடாதுன்னு உங்க போர்டுல இல்லியே?"

வசுமதி அண்ணாந்து பார்த்தாள். "இல்லை" என்றாள். "அது உங்க ரகசியம். நான் காவலுக்கு மட்டும்தான்."

"அப்பக் கதவத் தொறங்க. முன்னாலயே போறேன்."

வசுமதி இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். செல்வநாயகி தலையைத் தாழ்த்தி வாசல் நிலையைத் தாண்டி, படிக்கட்டின் மேலாக, கடையின் தகரக் கூரைக்கு மேலாகத் தளி ரோட்டுக்கு வந்தாள். காற்று அவளை அப்படியே கிழக்கே கொண்டுபோகப் பார்த்தது. அவள் மின்கம்பத்தை ஒரு கையால் அணைத்துக்கொண்டாள். ரோடு நின்றது. டவுன் பஸ் நின்றது, கண்டக்டர் இறங்கி நின்றார், தேங்காய் வண்டியிலிருந்து சென்னியப்பன் இறங்கினார், தாய்மார்கள் கடைகளிலிருந்து வெளியே வந்தார்கள். மாகாளியப்பன் ஒரு பை புண்ணாக்கோடு ஓடிவந்து, உயரத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு மூட்டையை இழுக்கப் போனார்.

ராக்கியண்ணன் காரிலிருந்து இறங்கி, கழுத்து வலிக்க அண்ணாந்து, "எறங்கு கீழ!" என்று கத்தினார். "மானம் போகுது!"

"எனக்கொரு புள்ள பொறந்துச்சுங்க மாமா" என்றாள் செல்வநாயகி. அவள் கத்தவில்லை, ஆனால் காற்று அதைக் கடைசிக் கடைவரைக்கும் கொண்டுபோனது. "ரெண்டு நாள் இருந்துச்சு. அல்லின்னு பேரு வெச்சேன். இத்தன நாளா அந்தப் பேரச் சொல்ல எனக்கு ஒரு எடமில்லீங்க. இனிமே எல்லா எடத்துலயும் சொல்லுவேன்."

அப்போது காரின் மறுபக்கக் கதவு திறந்தது. தங்கமாயாள் இறங்கி, கணவரைத் தாண்டி, கம்பத்தின் அடிக்கு வந்தாள். மருமகளின் முகத்தை மூன்று வருஷத்தில் முதல்முறையாகப் பார்ப்பதற்கு அவள் வானத்தைப் பார்க்கவேண்டியிருந்தது.

"எடது காதுல மச்சம் இருந்துச்சு கண்ணு" என்றாள். "தண்ணி ஊத்தறப்பப் பாத்தேன். உனக்குத் தெரியுமோ தெரியாதோன்னு, சொல்லவும் முடியாம, முழுங்கவும் முடியாம..."

முகத்தை மூடிக்கொண்டு அவள் குலுங்கிக் குலுங்கி அழ, அந்தக் கனத்த உடம்பு எந்தச் சிரமமும் இல்லாமல் தரையை விட்டது. அறையும் இல்லை, நாற்காலியும் இல்லை, ஐம்பது நிமிஷமும் இல்லை, நட்டநடு ரோட்டில் ஊர் பார்க்க அவள் மேலே எழுந்து போனாள். செல்வநாயகி கம்பத்தை விட்டுவிட்டு அத்தையின் இரண்டு கையையும் பிடித்தாள். பிடித்த பிறகு இருவருக்கும் பிடிமானம் எதுவும் இல்லை. காற்று ஒரு வீசு வீசியது.

"ஐயோ, புடிங்க!" என்று கத்தினார் மாகாளியப்பன்.

பிடித்தது ராக்கியண்ணன்தான். யோசிக்க நேரமில்லாமல் எம்பி, ஒரு கையில் மனைவியின் முந்தானையையும் மறு கையில் மருமகளின் முந்தானையையும் பற்றிவிட்டார். காருக்குள் அவர்களை அடக்க முடியாது. விட்டாலோ தாராபுரத்தில்தான் போய்த் தேடவேண்டும். வீடு மேற்கே இருந்தது, காற்று மேற்கிலிருந்து வந்தது. அவர் ஒருமுறை ஊரைப் பார்த்தார், ஒருமுறை மேலே பார்த்தார். பிறகு செருப்பை உதறிவிட்டு, உடம்பை முன்னால் சாய்த்து, எதிர்காற்றில் நடக்க ஆரம்பித்தார். சென்னியப்பனும் கண்டக்டரும் உதவிக்கு ஓடியபோது, வேண்டாம் என்று தலையாட்டினார்.

மாடியில் நின்று வசுமதி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுதிய வாக்கு ஒன்றுகூட உடையவில்லை, ஆனாலும் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவளுக்கு நெஞ்சு நிறைந்து வந்தது. பின்னால் படியில் அடுத்தவர் காத்திருப்பது நினைவுக்கு வந்து, "இதோ வந்துட்டேங்க, ஒரே நிமிஷம்" என்றாள், ஆனால் நகரவில்லை.

தளி ரோட்டில் ராக்கியண்ணன் அடிமேல் அடி வைத்துப் போய்க்கொண்டிருந்தார். வேட்டி கால்களில் சுற்றிக்கொண்டது, சட்டை முதுகில் புடைத்துப் படபடத்தது, அவர் தலைக்கு மேலே இரண்டு பெண்கள் கைகோத்துக்கொண்டு மச்சத்தைப் பற்றியும் விரலைப் பற்றியும் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து பேசிக்கொண்டே வந்தார்கள். டீக்கடை தாண்டியது, பஸ் தாண்டியது, கடைசிக் கடையும் தாண்டியது. வளைவு திரும்புமுன் அவர் நின்றார். மூச்சு வாங்கியது. இரண்டு முந்தானையையும் இறுக்கிப் பிடித்தபடியே முகத்தை மேலே தூக்கி, மில் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய அந்தக் குரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கேட்டார்.

"என்ன பேருன்னு சொன்னே சாமி? இன்னொருக்காச் சொல்லு. காத்துல சரியாக் கேக்கல."